எண்பது வயதில் ஓர் ஆற்றை வரைந்தவர்: ஃபுச்சுன் பயணக் குறிப்புகள்

செவ்வாய், ஹாங்சோ

ஹாங்சோவுக்கு வருகிறவர்கள் முதலில் மேற்கு ஏரிக்கரைக்குத்தான் போவார்கள். நான் பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராக சீஜியாங் மாகாண அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2023இல் திறந்த பிரம்மாண்டமான புதுக் கட்டடம். அவ்வளவு பெரிய இடத்தில் நான் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள். உயரம் 31.8 செ.மீ., அகலம் 51.4 செ.மீ. ‘எஞ்சிய மலை’ என்று அதற்குப் பெயர். அசலை எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள். பழைய தாள் அதிக வெளிச்சம் தாங்காது. அதனால் பார்க்கக் கிடைத்தது பிரதிதான். தெரிந்தே போனதால் ஏமாற்றம் இல்லை.

‘ஃபுச்சுன் மலைகளில் வாசம்’ என்ற நீண்ட சுருள் ஓவியத்தின் கிழிந்துபோன முன்பகுதி இது. வரைந்தவர் ஹுவாங் கோங்வாங். 1269இல் பிறந்து 1354இல் இறந்தவர். மங்கோலியர்கள் சீனாவை ஆண்ட யுவான் காலத்தின் நான்கு பெரும் ஓவியர்கள் என்று வூ ஜென், நீ ஜான், வாங் மெங் ஆகியோரோடு சேர்த்து இவரைச் சொல்வார்கள். நால்வரில் மூத்தவர் இவர்தான். மிச்சச் சுருள், கிட்டத்தட்ட 6.4 மீட்டர், தைபேயில் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரே ஓவியம் ஏன் இரண்டு ஊரில் என்றால், காரணம் ஒரு பணக்காரரின் பாசம். 1650 வாக்கில் இந்தச் சுருள் வூ ஹோங்யூ என்பவரிடம் இருந்தது. சாப்பாட்டு மேசையிலும் படுக்கையிலும் பக்கத்திலேயே வைத்திருப்பாராம். சாகும் தறுவாயில், அதை எரித்துத் தன்னோடு அனுப்பிவிடச் சொன்னார். நெருப்பில் போட்டும் விட்டார்கள். அவருடைய சகோதரர் மகன் ஓடிவந்து, வேறொரு சுருளை உள்ளே எறிந்துவிட்டு இதை வெளியே இழுத்தார். சீனச் சுருளை வலமிருந்து இடமாக விரிப்பார்கள். சுருட்டி வைத்திருக்கும்போது ஓவியத்தின் தொடக்கம்தான் வெளிச்சுற்று. அதனால் தொடக்கம்தான் அதிகம் கருகியது. கருகிய இடத்தை வெட்டி, தப்பிய ஒரு துண்டைத் தனி ஓவியமாக ஒட்டினார்கள். அதுதான் இந்த ‘எஞ்சிய மலை’.

இந்தக் கதையைச் சொல்லாமல் யாரும் இந்த ஓவியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் சொல்லிவிட்டேன். ஆனால் நெருப்புக் கதை கேட்டவர்கள் பலருக்கு ஓவியத்தில் என்ன இருக்கிறது என்பதே ஞாபகம் இருப்பதில்லை. அதனால்தான் இந்தப் பயணத்தை ஆற்றோடு வைத்துக்கொண்டேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய துண்டு கைமாறிக் கைமாறி 1746இல் சியான்லாங் பேரரசரிடம் போனது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருடம்தான் அவர் இதே ஓவியத்தின் போலி ஒன்றை வாங்கி, அசல் என்று நம்பி, அதன்மேல் எழுத ஆரம்பித்திருந்தார். அசல் வந்து சேர்ந்ததும், ‘இது போலி, ஆனாலும் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். போலியின்மேல் ஐம்பதுக்கும் அதிகமான குறிப்புகளை எழுதித் தள்ளினார். வானம், மலைச்சரிவு, எங்கே வெற்றிடம் கண்டாலும் விடவில்லை. அசல் தப்பித்தது. ராஜா தப்பாக நினைத்ததால் ஒரு ஓவியம் பிழைத்தது என்றால் அது இதுதான்.

சின்னத் துண்டு 1938இல் ஷாங்காய் ஓவியர் வூ ஹூஃபான் கண்ணில் பட்டது. ஒரு பழங்கால வெண்கலப் பாத்திரத்தைக் கொடுத்து அதை வாங்கினார். எழுத்தோவியர் ஷா மெங்ஹாய் விடாமல் பேசிப் பார்த்து, 1956இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வாங்கினார். பெரிய துண்டோ ஜப்பான் படையெடுப்புக்குப் பயந்து 1933இல் பெய்ஜிங்கிலிருந்து பெட்டிகளில் கிளம்பிய அரண்மனைப் பொக்கிஷங்களோடு பல வருடம் அலைந்து, உள்நாட்டுப் போரின் முடிவில் தைவான் போய்ச் சேர்ந்தது. 2011 ஜூனில் தைபேயில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

புதன், ஃபுயாங்

மெட்ரோ ஆறாம் தடத்தில் ஏறினால் ஃபுயாங் வரை போகலாம். முன்பு தனி ஊர். இப்போது ஹாங்சோவின் ஒரு மாவட்டம். ஒரே ஆற்றுக்கு மூன்று பெயர்: மேலே சின்ஆன், நடுவில் ஃபுச்சுன், கீழே கடலை நெருங்கும்போது சியான்டாங்.

ஆற்றங்கரையில் குவான்ஷான் என்று ஒரு சின்னக் குன்று. காலையில் ஏறிப் பார்த்தேன். அகலமான, சோம்பலான ஆறு. அக்கரையில் அடுக்குமாடிகள், அதற்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் இன்னும் வெளிறிய மலை. கையில் தைபே சுருளின் மடிப்புப் பிரதி ஒன்று வைத்திருந்தேன். எந்த மலை எது என்று பொருத்திப் பார்க்கலாம் என்ற ஆசை. எதுவும் பொருந்தவில்லை. பக்கத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, அதை வாங்கி மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டு ஆற்றைக் காட்டினார்.

மதியம் கோங்வாங் கலைக்கூடம். 2016இல் திறந்தது. வடிவமைத்தது வாங் ஷூவும் லூ வென்யூவும். 2012இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய வாங் ஷூதான். கூரை முழுக்க மலைமுகடு மாதிரி ஏறி இறங்குகிறது. சுவர்களில் பழைய ஓடும் கல்லும் கலந்து பதித்திருக்கிறார்கள். சுருளையே கட்டடமாக்கும் முயற்சி என்றார்கள். எனக்குக் கூரையைவிடச் சுவர்தான் பிடித்தது. கிட்டப் போனால் கை வேலை தெரிகிறது.

காபி குடித்துக்கொண்டே இவருடைய வாழ்க்கையை எழுதிவிடுகிறேன். பிறந்தது சாங்ஷுவில், லூ என்ற குடும்பத்தில். சின்ன வயதிலேயே ஹுவாங் என்ற தொண்ணூறு வயது முதியவருக்குத் தத்துப் போனார். ‘ஹுவாங் தாத்தா பிள்ளைக்காக ரொம்ப நாள் காத்திருந்தார்’ என்று ஊரார் சொன்னதே பையனுக்குப் பெயராகிவிட்டது. அவருக்கு ஏழு வயது இருக்கும்போது தெற்கு சோங் அரசின் தலைநகரான ஹாங்சோ மங்கோலியரிடம் சரணடைந்தது. படித்தவர்கள் அரசு வேலைக்குப் போகும் வழியான தேர்வுகளையே புதிய ஆட்சி நிறுத்தி வைத்தது. எவ்வளவு படித்திருந்தாலும் குமாஸ்தா வேலைதான். ஹுவாங்கும் குமாஸ்தாவானார்.

அவருடைய மேலதிகாரி ஜாங் லூ, நிலவரிக் கணக்கெடுப்புக்காகத் தெற்கே அனுப்பப்பட்டவர். வசூலில் காட்டிய கெடுபிடியில் ஒன்பது பேர் செத்தார்கள். 1315இல் வழக்காகி அவர் பிடிபட்டபோது, கீழே ஏடு எழுதிக்கொண்டிருந்த ஹுவாங்கும் சிறைக்குப் போனார். நிறுத்தி வைத்திருந்த தேர்வு மறுபடி நடந்தது அதே 1315இல்தான். அவருடைய நண்பர் யாங் ஸாய் அந்தத் தேர்வில் தேறினார். சிறையிலிருந்து ஹுவாங் அனுப்பிய கவிதைக்குப் பதில் கவிதையும் எழுதினார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கதவு திறந்த வருடத்தில் ஆள் உள்ளே கிடக்கிறார். நாற்பத்தாறு வயது.

வெளியே வந்தபின் அரசு வேலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஊர் ஊராகப் போய் ஜோசியம் சொன்னார். தாவோ நெறியின் சுவான்ஜென் பிரிவில் சேர்ந்தார். ‘பெரும் பேதை’ என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். ஓவியத்தில் முழுசாக இறங்கியது ஐம்பதை ஒட்டித்தான். அந்தக் காலத்தின் பெரிய ஓவியரான ஜாவ் மெங்ஃபுவின் கூடத்தில் தான் ஒரு சின்ன மாணவன் என்று பிற்பாடு எழுதியிருக்கிறார்.

இரவுச் சாப்பாடு: காளானும் டோஃபுவும். சைவம் என்பதை அலைபேசி மொழிபெயர்ப்பில் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் பன்றிக் கொழுப்பு சைவத்தில் சேராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

வியாழன், மியாவ்ஷான்வூ

ஃபுயாங்கிலிருந்து வாடகைக் காரில் கொஞ்ச தூரம். கிராமத்துக்கே ஹுவாங் கோங்வாங் கிராமம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் மூங்கில் காடு. பள்ளத்தாக்கின் உள்ளே நினைவுக் கூடமும், அவர் வாழ்ந்த குடில் என்று புதிதாகக் கட்டிய கூரை வீடும் இருக்கின்றன. அவர் குடியிருந்தது எங்கள் பக்கம்தான் என்று ஆற்றில் இன்னும் மேலே இருக்கும் டோங்லூ ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் மதியம் வரை நிழல் இருந்தது, அது போதும்.

சுருளின் கடைசியில் அவரே எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. அதன் சாரம்: 1347இல் ஃபுச்சுன் மலைக்குத் திரும்பினேன், வூயோங் குருவும் கூட வந்தார், ஓய்வாக இருந்த நாளில் தெற்கு மாடியில் உட்கார்ந்து மனம்போன போக்கில் மொத்த அமைப்பையும் போட்டுவிட்டேன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினேன், மூன்று நான்கு வருடமாகியும் முடியவில்லை, ஏனென்றால் சுருள் மலையில் கிடந்தது, நான் வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன், இப்போது அதைப் பயண மூட்டையில் எடுத்து வைத்திருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது தொடுவேன், யாராவது தந்திரமாகவோ பலவந்தமாகவோ பிடுங்கிக்கொள்வார்கள் என்று வூயோங் பயப்படுகிறார், அதனால் முடியும் முன்பே இதை எழுதி வைக்கிறேன். தேதி 1350, டிராகன் படகுத் திருவிழாவுக்கு முதல் நாள்.

வூயோங் என்பவர் தாவோ துறவி. உலகத்தைத் துறந்தவர், நண்பரின் படம் கைநழுவிவிடுமோ என்று பயந்து, முடியாத படத்தில் தன் பெயரை எழுதி வாங்கிக்கொள்கிறார். அவர் பயந்தது நியாயம்தான். நூறு வருடத்துக்குப் பிறகு ஓவியர் ஷென் சோவிடம் சுருள் வந்தது. யாரிடமோ குறிப்பு எழுதக் கொடுத்தார். அந்த வீட்டுப் பிள்ளை அமுக்கிவிட்டான். பின்னால் அது விற்பனைக்கு வந்தபோது, வாங்க ஷென் சோவிடம் பணமில்லை. 1487இல் மனப்பாடமாகவே முழுச் சுருளையும் மறுபடி வரைந்துவிட்டார். அந்தப் பிரதி இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லேசாக வண்ணமும் சேர்த்திருக்கிறார்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்தப் படம் ஒரு இடத்தில் உட்கார்ந்து ஒரு காட்சியைப் பார்த்து வரைந்ததல்ல. ஓவியம் கற்பவர்களுக்காக இவர் சில குறிப்புகள் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று: தோல்பையில் தூரிகை வைத்துக்கொள், நல்ல இடத்தில் விசித்திரமான மரம் கண்டால் அங்கேயே வரைந்து வைத்துக்கொள். எண்பது வயதில் பையும் தூரிகையுமாக இந்த மூங்கில் காட்டில் நடந்திருக்கிறார். நேற்று குன்றின் மேல் எதுவும் ஏன் பொருந்தவில்லை என்பது இங்கே வந்ததும் விளங்கியது. பல நாள், பல நடைகளில் பார்த்த மலைகளை அவர் ஒரே தாளில் வரிசைப்படுத்தியிருக்கிறார். பார்ப்பவரும் ஒரு முழம் விரித்து, ஒரு முழம் சுருட்டி, நடந்துகொண்டே பார்க்க வேண்டியது இது.

திரும்பும் வழியில் காகிதம் விற்கும் கடை ஒன்றில் ஏறினேன். ஃபுயாங்கின் மூங்கில் காகிதம் பழைய புகழ் உடையது. தேர்வு எழுதப் போகிறவர்கள் இதைத்தான் வாங்குவார்களாம். கடைப் பெரியவர் மடிப்புப் பிரதியைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். தூரிகையை மையில் முக்கி, தட்டின் விளிம்பில் தேய்த்துத் தேய்த்து மையெல்லாம் போக்கினார். இனி வரையாது என்று நான் நினைத்த நேரத்தில், தூரிகையைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக மேலிருந்து கீழே இழுத்தார். காகிதத்தின் சொரசொரப்பில் மை பட்டும் படாமலும் ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் வளைந்து. மூன்றாவது கோட்டில் அங்கே ஒரு மலைச்சரிவு இருந்தது. சணல் நாரை விரித்துப் போட்டது போன்ற இந்தக் கோட்டு முறை, ஹுவாங்குக்கு நான்கு நூற்றாண்டு முந்தைய ஓவியர்கள் டோங் யுவானும் ஜூரானும் கையாண்டது. ஹுவாங் அதை இன்னும் உலர்த்திவிட்டார். மையைத் தண்ணீராகக் கரைத்து மலையை மறைத்துவிடவில்லை. கோடுகளுக்கு நடுவே வெறும் காகிதம் தெரிகிறது, அதுதான் வெளிச்சம்.

பெரியவர் தன் மலையின்மேல் கடைசியாகச் சில ஈரப் புள்ளிகளைக் குத்திவிட்டு, ‘மரம்’ என்று அலைபேசியில் தட்டிக் காட்டினார். காகிதக் கட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டார், படத்தைச் சும்மா கொடுத்துவிட்டார்.

சனி, டோங்லூ

நேற்று முழுக்க மழை. அறையில் துணி காயவில்லை, எழுத ஒன்றுமில்லை.

இன்று ஆற்றோடு மேலே. ஃபுயாங்கிலிருந்து டோங்லூ வரையான நூறு லீ தூரத்து மலையும் நீரும் உலகிலேயே நிகரில்லாதவை என்று ஆறாம் நூற்றாண்டில் வூ ஜூன் ஒரு கடிதத்தில் எழுதினார். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அது மனப்பாடம். நீர் அடி வரை தெளிவு, நீரோட்டம் அம்பைவிட வேகம் என்றும் அதில் வரும். அம்பு வேகத்தை இப்போது பார்க்க முடியாது. 1960களில் மேலே ஃபுச்சுன் நீர்மின் அணை வந்தபின் பழைய பாறைச் சுழல்களெல்லாம் நீருக்கடியில் போய்விட்டன. அணைக்கு மேலே ஆறு ஒரு நீண்ட பச்சை ஏரி.

யான் ஸிலிங்கின் தூண்டில் மேடைக்குப் படகில் போனேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஆள். பள்ளித் தோழன் ஹான் பேரரசன் குவாங்வூ ஆகி, பதவி தருகிறேன் வா என்று கூப்பிட்டபோது மறுத்துவிட்டு இங்கே மீன் பிடிக்க வந்தவர். மேடை ஆற்றிலிருந்து அத்தனை உயரம். அங்கிருந்து எப்படித் தூண்டில் போட்டார் என்று படகில் எல்லாரும் சிரித்தார்கள். ஃபுச்சுன் ஆறு என்றால் படித்தவர்களுக்கு மலையும் நீரும் மட்டுமில்லை, வேலையை வேண்டாம் என்ற ஆளின் ஊரும் கூட. ஹுவாங் வரைந்த மீனவர்களை அந்த நினைப்போடுதான் பார்த்திருப்பார்கள். எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு: யான் ஸிலிங் வேலையை மறுத்தவர், ஹுவாங்கை வேலை உதறியது. இரண்டும் ஒன்றாகாது.

படகு திரும்பும்போது மடிப்புப் பிரதியைக் கடைசிவரை விரித்துப் பார்த்தேன். மொத்த நீளத்துக்கும் மனிதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படகில் ஒருவர், மரப் பாலத்தில் ஒருவர். நடுவில் மலைகள் நெருங்கி நிற்கின்றன. அப்புறம் திடீரென்று நீளமான மணல் திட்டு, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லாத நீர். முடிவை நெருங்கும்போது ஒரு கூர்மையான தனிச் சிகரம், பிறகு அடிவானத்தில் இரண்டு மூன்று கோடுகளாக மலை. பிரதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே இருந்த மலைகளிலும் கோடுகள் தெரிந்தன.

திங்கள், சாங்ஷு

ஷாங்காய் வழியாக ரயிலில் வந்தேன். யூஷான் மலையின் மேற்குச் சரிவில் அவருடைய சமாதி. கல் வளைவு, படி, மேட்டில் புல். வேறு யாரும் வரவில்லை. வாசலில் ஆரஞ்சுப் பழம் விற்கும் அம்மா மட்டும், ‘அவரையா பார்க்க வந்தீர்கள்?’ என்ற மாதிரி மேலே கைகாட்டினார்.

இந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். நிலா இரவில் ஹுவாங் தனியாகப் படகெடுத்து மலையைச் சுற்றி வருவாராம். மது ஜாடியைக் கயிற்றில் கட்டி நீரில் இழுத்துக்கொண்டு வருவது வழக்கம். ஒருநாள் இழுத்துப் பார்த்தால் கயிறு மட்டும் வந்தது, ஜாடி போய்விட்டது. கைதட்டிச் சிரித்தாராம், மலையே எதிரொலித்ததாம். உண்மையோ பொய்யோ, எரிக்கச் சொன்னவர், திருடியவன், எழுதித் தள்ளிய ராஜா என்று ஒரு சுருளின் பின்னால் ஓடிய கூட்டத்துக்குப் பக்கத்தில் இந்தக் கதையை வைத்தால் நன்றாக இருக்கிறது.

இதே மலையில்தான் வாங் ஹுய்யின் சமாதியும் இருக்கிறது. 1632இல் பிறந்த இந்த ஊர் ஓவியர். ஃபுச்சுன் சுருளைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தவர். அவருடைய பிரதிகளின் அச்சுகளைப் பார்த்திருக்கிறேன். மலை, மரம், பாலம் எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. கை நடுக்கமே இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஹுவாங்கின் கோடு சில இடத்தில் தடுமாறும், ஒரு சரிவை இரண்டு தடவை யோசித்திருப்பது தெரியும், மேலே போட்ட மை கீழே இருந்ததோடு ஒட்டாமல் நிற்கும். மூட்டையில் தூக்கிக்கொண்டு போய் விட்டு விட்டு வரைந்த படம் அப்படித்தான் இருக்கும். வாங் ஹுய் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. இருந்தாலும் தைபேக்கு டிக்கெட் எடுத்தால் அசலுக்காகத்தான் எடுப்பேன். அதைக் காட்சிக்கு வைக்கும் மாதம் எது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.